எந்த ல

ஜனவரி இரண்டு. இன்னும் விடியவில்லை.
செங்காங் நிலையத்தில்
எல்லாப் பள்ளிக் காலணிகளும்
ஒரே வெள்ளையில் இருக்கின்றன.
நாளைக்குள் சரியாகிவிடும்.

என் பையில்
ஒரு பெட்டி சிவப்புப் பேனா,
தொண்டைக்கு இஞ்சி மிட்டாய்,
நான்காய் மடித்த பெயர்ப்பட்டியல்.

பதினேழாவது வருடம்.
நேற்றும் அதே கனவு:
மணி அடித்த பிறகும் வகுப்பறை கிடைக்காமல்
மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.
"இன்னுமா பழகல?" என்றார் இவர்,
சுவர்ப் பக்கம் புரண்டபடி.
பழகிவிட்டால் வேறு வேலை தேடவேண்டியதுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
குறட்டை வந்துவிட்டது.

பட்டியல் ஆங்கில எழுத்தில்தான் வரும்.
தொடக்கநிலை ஒன்று, தமிழ், பதினொரு பிள்ளைகள்.
ரயில் குலுக்கலில் ஒவ்வொரு பெயரையும்
பென்சிலால் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
ஷாஹீர், தொல்லையில்லை.
கவின், கவின்தான்.
வளவனா, வலவனா, நேரில் பார்த்துக்கொள்ளலாம்.
யாலினி.
இரண்டு ஏ, இரண்டு என்.
எண் சோதிடம் பார்த்து வைத்திருப்பார்கள் போல.
எண்ணுக்கு எழுத்து கூடியது,
எந்த ல என்பதை யாரும் சொல்லவில்லை.

சிரிக்க எனக்குத் தகுதியில்லை.
அலுவலகத்தில் நான் மேடம் எசில்.
துணைமுதல்வர் திருமதி டே
மிகக் கவனமாக, நாக்கை மடித்து, எஷ்லி என்பார்.
உணவகத்து ஆன்ட்டிக்கு நான்
கோப்பி ஓ, சீனி இல்லாமல்.
எழிலரசி எங்கே இருக்கிறாளோ.

மழை.
கொடியேற்றம் மண்டபத்துக்குள்.
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்
முதல் வகுப்புப் பெற்றோர்கள்,
ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பேசி.
நாட்டுப்பண் முடிந்து எல்லோரும் உட்காரும்போது
ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து
நிவேதன் கையசைத்தான்.
விடுமுறையில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறான்.

அக்டோபரில் அவனிடம் கேட்டேன்,
எதைப் பார்த்து எழுதினாய் இந்தக் கட்டுரையை என்று.
எல்லோருக்கும் முன்னால்.
அவன் எதையும் பார்த்து எழுதவில்லை.
அது எனக்குத் தெரிந்த வாரம் தேர்வு வந்தது.
அப்புறம் திருத்தம், கூட்டம்,
அப்புறம் விடுமுறை.
கையசைக்கிறான்,
ஒன்றும் நடக்காததுபோல.
நானும் அசைத்தேன்.
என் கை சீக்கிரம் இறங்கிவிட்டது.

பகிர்ந்துகொள்ளும் அறை.
மலாய் ஆசிரியை ரொஹானா
பலகையில் செலாமாட் பாகி எழுதிப் போயிருந்தார்.
அழிக்க மனமில்லை.
அதன் கீழே வணக்கம் என்று எழுதினேன்.
சாக்பீஸ் பிடித்த காலத்துப் பழக்கம்,
பேனாவை உதறிக்கொண்டேன்.

பதினொரு பேர் வந்தார்கள்.
ஒருவன் அழுதுகொண்டே,
ஒருத்தி தண்ணீர்ப்புட்டியை நெஞ்சோடு அணைத்து.
வளவன் வளவன்தான்.
கடைசியில் அவள்.

"உன் பேர் என்னம்மா?"
சொன்னாள்.
முன்பல் இரண்டும் இல்லை.
ல, ள, ழ மூன்றும்
அந்த இடைவெளியில் ஒரே காற்றாக வந்தன.
"அம்மா வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?"
"பாப்பா."
"அப்பா?"
"அவரும் பாப்பா."
வகுப்பு முழுக்கச் சிரிப்பு,
அழுதவன் உட்பட.

"ஏதாச்சும் போடுங்க, டீச்சர்."

போட்டிருக்கலாம்.
யாழ்தான், வேறென்ன, என்று
பத்தில் ஒன்பது பேர் போடுவார்கள்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
அக்டோபரிலும்
எனக்கு அப்படித்தான் தோன்றியது.

யா எழுதினேன்.
ஒரு சின்னக் கோடு.
பிறகு னி.
"அம்மாகிட்ட கேட்டுட்டு வா, நாளைக்கு
நாம ரெண்டு பேரும் நிரப்பலாம்."
கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"டீச்சருக்குத் தெரியாதா?"
"தெரியாது."
அதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மணி அடித்தது.
அழிக்கவேண்டாம் என்று
மஞ்சள் தாளில் எழுதி ஒட்டிவிட்டு,
படியில் இறங்காமல்
ஆறாம் வகுப்புகள் இருக்கும் மாடிக்கு
ஏறத் தொடங்கினேன்.